இரண்டு பிள்ளைகள் விழுந்த படம்

முப்பது வயது வரைக்கும் ஷுக்ரியின் கையில் இருந்தது முழக்கோல்தான். பதுளைக் கடைவீதியில் அவனுடைய வாப்பா இப்றாஹீமுக்கு ஒரு புடவைக்கடை இருந்தது. வாப்பா கடையில் உட்காருவார். ஷுக்ரி மாட்டு வண்டியில் லுணுகலை வரை போய், அங்கிருந்து துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தேயிலைத் தோட்டம் தோட்டமாக நடப்பான். தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் மூட்டையை அவிழ்த்ததும் பெண்கள் கூடிவிடுவார்கள். "நானா, அந்தக் கரை போட்டதை எடுங்க", "நானா, இது சாயம் போகுமா?" என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். அவன் அதிகம் பேசமாட்டான். வியாபாரிக்கு அது ஒரு குறை என்று வாப்பா சொல்வார். ஆனால் சாயம் போகும் துணியைப் போகாது என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் லயத்துப் பெண்களுக்கு அவனைப் பிடிக்கும்.

தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத்துரை ஒருவர் ஜெர்மன் யுத்தத்துக்குப் போனார். திரும்பி வரவில்லை. அவருடைய பங்களாச் சாமான்களை ஏலம் போட்டபோது, சன்னல் திரைகள் நல்ல துணியாக இருந்ததால் ஷுக்ரி அந்தக் கட்டை எடுத்தான். வீட்டில் அவிழ்த்தபோது திரைகளுக்கு நடுவே ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. தோல் ஒட்டிய பெட்டி. முன்னால் ஒரு கண், மேலே விரல்நக அளவில் ஒரு கண்ணாடி, பக்கத்தில் முறுக்குகிற சாவி, முதுகில் சிவப்புக் கண்ணாடி பதித்த சிறு வட்டம்.

அது கமரா என்று அவனுக்குத் தெரியும். கண்டியில் மூன்று கால் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுப்பதைப் பார்த்திருக்கிறான். ஆனால் இதற்குக் காலும் இல்லை, கறுப்புத் துணியும் இல்லை. அடுத்த முறை தோட்டத்துக்குப் போனபோது பங்களாவில் சமைத்த அப்புவிடம் கேட்டான்.

"தொர அதை வயித்தோட ஒட்டி வச்சுக்குவாருங்க. சாமி கும்புடுற மாதிரி தலையைக் குனிஞ்சு மேல இருக்கற கண்ணாடியில பாப்பாரு. மூச்சு விடமாட்டாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார் அப்பு.

கண்டியிலிருந்து ஒரு பிலிம் சுருள் வரவழைத்தான். வீட்டு நடுமுற்றத்தில் அவனுடைய மனைவி ஸைனப் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியை வயிற்றில் ஒட்டிவைத்துக் குனிந்தான். அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் ஸைனப் இருந்தாள். முற்றத்தில் நின்றவளை விட அதற்குள் நின்றவள் பிரகாசமாக இருந்தாள். மிளகாய் இன்னும் சிவந்திருந்தது. அவள் வலப்பக்கம் நகர்ந்தாள். கண்ணாடிக்குள் இருந்தவள் இடப்பக்கம் போனாள். அவளைப் பின்தொடர்ந்து அவன் திரும்பிய திரும்பலில் ஆளே காணாமல் போய்விட்டாள். சுவர்தான் தெரிந்தது.

"எங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"ஒன்னத்தான்."

"நான் இங்கால நிக்கிறேன்!"

இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்தது. போன வருஷம் அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்து, தவழத் தொடங்கும் முன்னரே இறந்துபோயிருந்தது.

அவன் விசையைத் தட்டினான். நகத்தால் மேசையைச் சுண்டுகிற மாதிரி ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. படம் விழுந்ததா இல்லையா? அவனால் பொறுக்க முடியவில்லை. முற்றத்து வெயிலிலேயே பெட்டியின் முதுகைத் திறந்து பார்த்தான். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு நாடா இருந்தது. ஸைனப் அதில் இல்லை. கண்டிக்கு அனுப்பியதும் அங்கிருந்த படக்கடையிலிருந்து, கழுவினால் முழுக்கக் கறுப்பு, வெளிச்சம் பட்டால் எல்லாம் போய்விடும், இனித் திறக்க வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள்.

இரண்டாவது சுருளில் கற்றுக்கொண்டான். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும். எட்டு அடிக்குள் வந்தால் முகம் கலங்கிவிடும். ஒவ்வொரு படமும் எடுத்த பிறகு, சிவப்பு வட்டத்தில் அடுத்த எண் வரும்வரை சாவியை முறுக்கவேண்டும். மறந்தால் எடுத்ததன் மேலேயே இன்னொன்று விழும். சுருளுக்கு எட்டே படம்தான். அதனால் தட்டுவதற்கு முன் அவன் நெடுநேரம் பார்த்தான். சில நாள் பார்த்ததோடு சரி, தட்டாமலே வைத்துவிடுவான்.

படங்கள் வந்தபோது சன்னலருகில் கொண்டுபோய்ப் பார்த்தான். உள்ளங்கை அளவுதான். ஆனால் ஸைனபின் கழுத்தில் வியர்வையில் ஒட்டியிருந்த ஒற்றை முடி அதில் தெரிந்தது. அன்றைக்கு அந்த முடியை அவன் பார்க்கவில்லை.

"நான் பாக்கல்ல. இது பாத்திருக்கு" என்றான்.

ஸைனப் படத்தை வாங்கிப் பார்த்தாள். "எனக்குக் கண்ணுக்குக் கீழ இவ்வளவு கறுப்பா?" என்றாள். பிறகு, "போன வருஷம் இது நம்மகிட்ட இருந்திருந்தா..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். அந்தக் குழந்தையின் முகம் அவனுக்கு ஏற்கெனவே கலங்கத் தொடங்கியிருந்தது. அதை அவளிடம் சொல்ல முடியுமா?

வாப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "உசிருள்ளதுட உருவத்தைப் புடிச்சு வெக்கிற வேலை நமக்கு ஆகாது மகன்" என்றார். ஷுக்ரி கமராவைத் துணி மூட்டைக்குள் சுற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோனான்.

யுத்தம் முடியப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த புரட்டாசி மாதம் அது. செங்கல்மலைத் தோட்டத்தில் அன்று வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு இல்லை, ஓய்வுநாள். அவன் கமராவை வெளியே எடுத்ததும் பெரிய கங்காணி ரெங்கசாமிக்கு ஆள் போய்விட்டது. கோட்டும் தலைப்பாகையும் குடையுமாக வந்தார். நின்று ஒன்று, உட்கார்ந்து ஒன்று, குடையை விரித்து ஒன்று, மடித்து ஒன்று, மகனோடு ஒன்று, கோயில் வாசலில் ஒன்று. சுருள் முக்கால்வாசி தீர்ந்தது. பெரிய கங்காணியை வேண்டாம் என்று சொல்ல ஷுக்ரிக்கு வாய் வரவில்லை.

அவர் போன பிறகுதான் மேல் லயத்து இராக்கம்மா வந்தாள். கொழுந்து பறிப்பவள். புருஷன் வீரய்யா வெள்ளை வேட்டியில் கூச்சத்தோடு பின்னால் நின்றான். மகள் சிட்டுவுக்கு நாலு வயசிருக்கும். முகம் கழுவி, எண்ணெய் வைத்து, காதில் பித்தளைத் தோடு மாட்டியிருந்தாள்.

"எங்காத்தா ஊருல இருக்கு நானா, புதுக்கோட்டைப் பக்கம். பேத்தியப் பாத்ததே இல்ல. அனுப்பி வைக்கணும்."

லயத்துக்கு எதிரே இருந்த பாறையில் இராக்கம்மாவை உட்காரவைத்து, சிட்டுவை மடியோடு நிறுத்தி, வீரய்யாவைப் பக்கத்தில் நிற்கச் சொன்னான். குனிந்தான். மூன்று பேரும் கண்ணாடிக்குள் அடங்கினார்கள். தட்டினான்.

அதற்குள் மலைக்கு அந்தப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. கீழ் லயத்து ராசம்மா மகன் மாரியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். மேல் லயத்தார் கீழ் லயத்து ஆட்களிடம் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள். அவள் வருவதைக் கண்டதும் இராக்கம்மா மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோய்விட்டாள். ராசம்மா தூரத்திலேயே நின்றாள்.

"எங்களையும் ஒண்ணு புடிப்பீங்களா நானா?"

"வாங்க, வாங்க. மழைக்கு முந்தி எடுத்துருவோம்."

அவள் அதே பாறையில் உட்கார்ந்தாள். மாரி அவள் முழங்காலில் சாய்ந்து நின்றான். முதல் துளி விழும்போது ஷுக்ரி தட்டினான். எல்லோரும் ஓடினார்கள். ஓரமாக ஒதுங்கி நின்று சாவியை முறுக்கினான். எட்டும் எடுத்தாயிற்று, சுருள் முடிந்திருக்கவேண்டும். ஆனால் சிவப்பு வட்டத்தில் எட்டு என்ற எண் வந்து நின்றது. இராக்கம்மா எழுந்துபோனதற்கும் ராசம்மா வந்து உட்கார்ந்ததற்கும் இடையில் அவன் சாவியைத் தொடவே இல்லை.

மழை விடவில்லை. மறுநாள் பெரட்டு. பெரிய கங்காணி தன் படங்களுக்கு அவசரப்பட்டார். அடுத்த நடையில் இரண்டு குடும்பத்தையும் தனித்தனியாக எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு பதுளைக்குத் திரும்பினான். சுருள் பண்டாரவளைக்குப் போய் அங்கிருந்து கண்டிக்கு ரயில் ஏறியது.

அதே ரயில் பாதையில்தான் கொள்ளைக் காய்ச்சலும் மேலே வந்தது. முதலில் கொழும்பில் என்றார்கள், பிறகு கண்டியில் என்றார்கள். ஐப்பசி பாதி போவதற்குள் பதுளைக் கடைவீதியில் கதவுகள் சாத்தியிருந்தன. காலையில் இருமியவர் மறுநாள் முகம் நீலம் பாரித்துக் கிடந்தார். பள்ளிவாசலில் பிரேதம் சுமக்கும் சந்தூக்கு ஓய்வெடுக்கவில்லை. வாப்பா விழுந்தார், வாப்பாவைப் பார்த்துக்கொண்ட ஷுக்ரியும் விழுந்தான். அவன் எழுந்து உட்காரும்போது வாப்பாவை அடக்கி முடிந்திருந்தது. ஜனாஸாவுக்குக்கூட அவனால் போகமுடியவில்லை. அவருடைய படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. அவர் விரும்பாததால் அவரை மட்டும் அவன் எடுத்ததே இல்லை.

கண்டியிலிருந்து வந்த உறை கடையில் கிடந்தது. உடம்பு தேறிக் கடையைத் திறந்த அன்றுதான் அதைப் பிரித்தான். பெரிய கங்காணி குடையோடு கம்பீரமாக இருந்தார். அடுத்த படத்தைச் சன்னலுக்குக் கொண்டுபோனான். பாறையில் ஒரு பெண். அவளுக்குள் இன்னொரு பெண். இருவருடைய கைகளும் ஒரே மடியில் கிடந்தன. வீரய்யா மட்டும் தனியாக, தெளிவாக நின்றான். சிட்டுவின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் மாரியின் முகமும் இருந்தது. ஒரு முகத்துக்குள் இன்னொரு முகம். நாலு கண்கள்.

தோட்டத்து வழிகளை அடைத்துவைத்திருந்தார்கள். திறந்ததும் போனான். மேல் லயத்தில் பல கதவுகளில் பூட்டுத் தொங்கியது. மலைச்சரிவில் தேயிலைக்கு மேலே புது மண் வரிசை வரிசையாகத் தெரிந்தது. இராக்கம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். கையில் வளையல் இல்லை. அவளுக்குப் பின்னால் வீட்டுக்குள் யாரும் இல்லை. அவன் கேட்கத் தேவையே இருக்கவில்லை.

"போட்டா வந்துருச்சா நானா?"

கொடுத்தான். அவள் முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"இது எங்க வீட்டுக்காரரு... இது நானு. இது எம்புள்ள தோடு." விரல் நின்றது. "இதாரு, எம்புள்ள மூஞ்சியில?"

சாவியை முறுக்க மறந்ததைச் சொன்னான். ராசம்மாவின் மகன் என்று சொன்னான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டவில்லை.

"அழிச்சுத் தாங்க நானா. அந்தப் பயல மட்டும் அழிச்சுருங்க. எம்புள்ள மூஞ்சி எனக்குத் தனியா வேணும்."

"பாக்குறேன் தங்கச்சி. பிலிம் வீட்டுல இருக்கு. அதுல செஞ்சு பாக்குறேன். இது ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

கீழே இறங்கும்போது ராசம்மா வழியில் காத்திருந்தாள். இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாரி இல்லை.

"காச்சல்ல போயிட்டான் நானா. எனக்கும் ஒரு போட்டா உண்டுங்களா?"

"உண்டு. அடுத்த தடவ கொண்டாறேன்" என்றான். மேலே இராக்கம்மா கேட்டதை அவளிடம் சொல்லவில்லை.

கண்டியில் படக்கடைக்காரரையும் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது; கடை மூடிக்கிடந்தது. பிலிமில் உள்ள மறுவை மெல்லிய கத்தியால் சுரண்டி எடுப்பார்கள் என்று அந்தக் கடையிலேயே ஒருமுறை கேள்விப்பட்டிருந்தான். சவரக் கத்தியைத் தீட்டினான். சன்னல் கண்ணாடியில் பிலிமை ஒட்டவைத்து நின்றான். பிலிமில் எல்லாம் தலைகீழ் நிறம்: முகம் கறுப்பு, முடி வெள்ளை. ஸைனப் பக்கத்தில் வந்து பார்த்தாள்.

"ரெண்டும் புள்ளைகதானே. எதை அழிக்கப் போறீங்க?"

"ஒன்ன எடுத்தா மத்தது தெளியும்."

"அப்படியா?"

அவனுக்கும் தெரியாது. முதலில் ராசம்மாவின் தோளைச் சுரண்டினான். கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. தைரியம் வந்தது. முகத்துக்கு வந்தான். அவனுக்கு இப்போது அந்த இரண்டு முகங்களிலும் ஒவ்வொரு புள்ளியும் மனப்பாடமாகியிருந்தது. எந்தப் புருவம் யாருடையது, எந்த உதடு யாருடையது என்று பிரித்துச் சொல்லுவான். ஆனால் கத்திக்கு அது தெரியாது. மாரியின் கண்ணோரத்தில் வைத்து இழுத்தான். பாலாடை எழும்புவதுபோல மேல்பூச்சு எழும்பி, இரண்டு முகமும் ஒன்றாகக் கத்தியில் வந்துவிட்டது. பிலிமில் அந்த இடம் வெறும் கண்ணாடியாக இருந்தது. அதற்குள்ளால் எதிர்க்கடைக் கூரை தெரிந்தது.

கத்தி நுனியில் ஒட்டியிருந்த அந்தக் கறுப்பை எங்கே துடைப்பது என்று தெரியாமல் அவன் நின்றுகொண்டே இருந்தான். சுரண்டும் முன் வேறு ஊரிலாவது பிலிமைக் கொடுத்து இன்னொரு படம் போட்டு வைத்துக்கொண்டிருக்கலாமே என்பது அப்போதுதான் தோன்றியது.

மறுமுறை தோட்டத்துக்குப் போனபோது, நடந்ததை இராக்கம்மாவிடம் மறைக்காமல் சொன்னான். "இனி ஒங்க கையில இருக்கறது ஒண்ணுதான் தங்கச்சி. வேற இல்ல." அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ராசம்மா செய்தி கேட்டு மேல் லயத்து மழைநீர்க் கானுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். கானைத் தாண்டவில்லை.

"அக்கா, ஒரே ஒரு தடவ காட்டுங்க. தொடமாட்டேன். அங்கேயிருந்தே காட்டுங்க."

ஷுக்ரி கதவைத் தட்டினான். "தங்கச்சி, அவளும் பெத்தவதான்."

"அவளுக்கு இன்னும் ரெண்டு இருக்கு நானா" என்றது குரல். "எனக்கு என்னா இருக்கு? நீங்களே சொல்லுங்க."

ராசம்மா மழைத்தூறலில் வெகுநேரம் நின்றாள். கதவு திறக்கவே இல்லை. கடைசியில் அவள் அவனைப் பார்த்துத் திரும்பினாள்.

"நீங்க பாத்தீங்கள்ல?"

"பாத்தேன்."

"அப்ப சொல்லுங்க. எப்படி இருக்கான்?"

மூட்டையைக் கானோரத்தில் வைத்துவிட்டு அவன் சொன்னான். வாய் லேசாகத் திறந்திருக்கு. முன்பல் ஒன்று இல்லை. சட்டையில் மேல் பொத்தான் இல்லாமல் நூலால் கட்டியிருக்கு. ஒரு கை உங்க முந்தானையைப் பிடிச்சிருக்கு. மற்றக் கையை நெற்றிக்கு மேலே வைச்சிருக்கான், மழையைப் பாக்குற மாதிரி. கமராவைப் பாக்கல்ல. மேலே பாக்குறான். அவன் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. முடிந்ததும் ராசம்மா, "பல்லு அந்த வாரந்தான் விழுந்துச்சு" என்றாள்.

இராக்கம்மா அடுத்த சித்திரைக்குள் தோட்டத்துக் கணக்கில் பேர் வெட்டிக்கொண்டு இந்தியாவுக்குப் போய்விட்டாள். தகரப்பெட்டிக்குள் படமும் போனது. அவள் ஆத்தாவிடம் அதைக் காட்டினாளா, அந்த ஆத்தா உயிரோடு இருந்தாளா என்பது யாருக்கும் தெரியவில்லை. அவளிடமிருந்து செய்தியும் வரவில்லை.

ஷுக்ரி கமராவை வெகுநாள் தொடவில்லை. பிறகு ஸைனப்தான் ஒருநாள் அதைத் துடைத்து மூட்டையில் வைத்தாள். "கேக்கிறவங்களுக்கு எடுத்துக் குடுங்க. இல்லைன்னு சொல்லாதீங்க" என்றாள். லயத்துப் பிள்ளைகளை எடுத்தான். ஒவ்வொரு தரமும் தட்டிய கையோடு சாவியை முறுக்கி, எண்ணை ஒருமுறை பார்த்து, மறுபடியும் பார்ப்பான். பெரிய கங்காணி ஆள் அனுப்பினால், "சுருள் முடிஞ்சுபோச்சு" என்றான். பொய் சொல்லக் கற்றுக்கொண்டது அந்த ஒன்றில்தான். அவனுக்கும் ஸைனபுக்கும் வேறு பிள்ளை பிறக்கவில்லை.

செங்கல்மலைக்குப் போகும்போதெல்லாம் ராசம்மா ஒரு துண்டுத் துணியாவது பார்க்கவருவாள். மற்றப் பெண்கள் போனபின் மெதுவாக, "சொல்லுங்க நானா" என்பாள். அவன் சொல்வான். வருஷங்கள் போயின. பதுளைக்கு ரயில் வந்தது. பட்டணத்தில் படக்கடை ஒன்று திறந்தது. ஆட்கள் அங்கே போய் வர்ணத்திரைக்கு முன்னால் நின்றார்கள். ராசம்மாவின் பெண்கள் வளர்ந்து கூடை தூக்கினார்கள். ஷுக்ரியின் தாடி நரைத்தது.

அப்படி ஒரு நடையில் அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது ராசம்மா தடுத்தாள்.

"இல்ல நானா. கையக் கட்டிக்கிட்டு நிக்கல. ஒரு கை முந்தானையில, ஒரு கை நெத்தியில."

ஷுக்ரி நினைத்துப் பார்த்தான். கடந்த வாரம் வேறொரு தோட்டத்தில் வேறொரு பையனை எடுத்திருந்தான். கையைக் கட்டிக்கொண்டு நின்றவன் அவன்தான். மாரியின் முகத்தைத் தேடினான். வரவில்லை. புருவமும் உதடும் கலைந்துபோயிருந்தன.

"மறந்துட்டேன் ராசம்மா" என்றான்.

அவள் கோபப்படவில்லை. அவனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். கண்ணால் ஒருமுறைகூடக் காணாத அந்தப் படத்தை, மேல் பொத்தான் இல்லாத சட்டையிலிருந்து தொடங்கி, அவனுக்குச் சொல்லத் தொடங்கினாள்.